சவரிராயன் நினைவு நிழற்குடை

செப்டம்பர் 2, திங்கள்

வெயில். காலையில் வந்த கேஸ் சிலிண்டரின் சீல் பிரிந்திருந்தது. திருப்பி அனுப்பினேன். மாலைக்குள் வேறொன்று வந்தது.

மாநகராட்சியிலிருந்து பதிவுத் தபால். தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்தில் என் கணவர் நினைவாக நான் கட்டிக்கொடுத்த பயணியர் நிழற்குடையைப் பற்றியது. ஷர்மிளா பானு என்ற பெண் கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுக் கொடுத்திருக்கிறாராம். சக்கர நாற்காலியில் இருப்பவர். மேடை மிக உயரம், படிகளில் ஏற முடியவில்லை, எனவே மேடையை இடித்துத் தாழ்த்த வேண்டும் என்பது மனு. ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்துப்படி, கொடையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் எந்த மாற்றமும் செய்ய இயலாது என்பதால் என் பதிலைக் கேட்டிருக்கிறார்கள்.

அந்த ஷரத்தைச் சேர்க்கச் சொன்னது நான்தான். கடைத்தெருவில் ஒரு டாக்டரின் நினைவாகக் கட்டிய நிழற்குடையில், இரண்டே வருடத்தில் டாக்டரின் பெயர்மேல் வார்டு உறுப்பினரின் பெயரைப் பெயிண்டால் எழுதிவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் வக்கீலிடம் போனேன்.

மனுவின் நகல் இணைத்திருக்கிறார்கள். தட்டச்சு செய்தது. பிழை இல்லை. மேடையின் உயரம் 62 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறார். அது தவறு. நான் இரண்டு அடி என்று சொல்லிக் கட்டச் செய்தது. இரண்டு அடி என்பது 61.

செப்டம்பர் 4, புதன்

பதில் எழுதி அனுப்பினேன். சம்மதமில்லை.

காரணங்களையும் எழுதினேன். மழைக்காலத்தில் அந்த இடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். தாழ்வாக இருந்தால் மாடு ஏறும், நாய் ஏறும், குடித்தவர்கள் படுப்பார்கள். அதற்காகத்தான் உயர்ந்த மேடை, மூன்று படி, மெருகேற்றிய கிரானைட். பைக் நிறுத்தாமலிருக்க முன்னால் ஸ்டீல் குழாய்கள். பதின்மூன்று வருடத்தில் ஒரு வெற்றிலைக் கறை கிடையாது. 'ஏ. சவரிராயன், போக்குவரத்து மேலாளர், முப்பத்தோரு ஆண்டுச் சேவை' என்ற கல்வெட்டு மேடையின் முகப்பிலேயே பதிந்திருக்கிறது. மேடையை இடித்தால் அதையும் பெயர்க்க வேண்டும்.

பொன்னுத்தாய் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "ஐயா பேர்ல என்னம்மா தகராறு?"

சொன்னேன்.

"அந்தப் புள்ள எப்படித்தாம்மா பஸ் ஏறும்?"

அது மாநகராட்சியின் கவலை என்றேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

பொன்னுத்தாய் வழக்கம்போல் கல்வெட்டைக் கழுவினாள். நான் கீழேயே நின்றேன். ஈரக் கிரானைட் வழுக்கும். என் முழங்கால் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

மாலை ஐந்தரைக்கு வாசல் மணி. கேட்டுக்கு வெளியே சக்கர நாற்காலியில் ஒரு பெண், முப்பது வயதுக்குள். பின்னால் ஒரு லோடு ஆட்டோ, அதை ஓட்டிவந்த தம்பி.

"மேடம், நான்தான் ஷர்மிளா பானு. மனுக் கொடுத்தவ."

உள்ளே வரச் சொல்வது மரியாதை. சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் வாசற்படிகள் நினைவுக்கு வந்தன.

அவள் படிகளை எண்ணினாள். "இங்கயும் மூணுதானா? மூணு உங்களுக்கு ராசி போல, மேடம்."

தம்பி ரியாஸ் முன்னால் வந்தான். "தூக்கிடவா அக்கா?"

"வேணாம்டா. மொத தடவ பாக்குறாங்க. மூட்டைன்னு நெனச்சிடப் போறாங்க."

கேட்டருகிலேயே காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றுகொண்டே பேசினேன், அவள் அண்ணாந்து பேசினாள். ஒன்பது வருடத்துக்கு முன்பு கல்யாண வீட்டு மாடியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. இப்போது ஸ்கேன் சென்டரில் டாக்டர்கள் சொல்வதைக் கேட்டு ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறாள். "இதுவரைக்கும் ஒரு இருவதாயிரம் கல்லீரல் என் கையில போயிருக்கும் மேடம்" என்றாள்.

தினமும் ரியாஸ்தான் லோடு ஆட்டோவில் கொண்டுபோய் விடுகிறான். நவம்பர் இரண்டாம் தேதி அவன் மஸ்கட் போகிறான். அதன் பிறகு கொண்டுபோய்விட ஆள் கிடையாது. ஆகஸ்டிலிருந்து 17B தடத்தில் தாழ்தளப் பேருந்து விட்டிருக்கிறார்கள். நடுக்கதவில் ஒரு தகடு உண்டாம். அதை விரித்து மேடைமேல் போட்டால் நாற்காலியை உருட்டிக்கொண்டு தானே ஏறலாமாம். ஆனால் மேடைக்கு வர வழியில்லை. மேடைக்கும் ரோட்டுக்கும் நடுவே திறந்த சாக்கடை என்பதால் கீழேயும் நிற்க இடமில்லை. ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

"நவம்பர் நாலு திங்கக்கெழம. அன்னைக்கு நான் பஸ்ல வரலன்னா வேற ஆளப் போட்டுக்கிறேன்னு முதலாளி சொல்லிட்டாரு. நல்ல மனுஷன்தான். முன்னாடியே சொல்லிட்டாரு."

"அதில் என் கணவர் பெயர் இருக்கிறது" என்றேன்.

"பேர எடுக்கச் சொல்லலியே மேடம். மேடையத்தான்."

"மேடையில்தான் பெயர் இருக்கிறது."

அவள் மேல்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த ரெண்டு போல்ட் ஓட்டை எதுக்கு மேடம்? எங்க வீட்லயும் இதே இடத்துலதான் இருக்கு. சரிவுப் பலகை மாட்டுறதுக்கு. இங்க யாராச்சும் வண்டில இருந்தாங்களா?"

"இல்லை" என்றேன்.

டம்ளரை வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது, "மேடம்னு கூப்பிட்டா ஸ்கூல் மாதிரி இருக்கு. அம்மான்னு கூப்பிடவா?" என்றாள்.

மேடமே போதும் என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நேற்று அவளிடம் சொன்னதில் ஒரு திருத்தம். எங்கள் கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் எதையும் அழிக்க விடமாட்டார். ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே சரியானதை எழுத வேண்டும்.

என் கணவர் பக்கவாதம் வந்தபின் கடைசிப் பதினான்கு மாதங்கள் சக்கர நாற்காலியில் இருந்தார். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்று வாசலில் பலகை மாட்டினோம். ஒரு வாரத்தில் கழற்றச் சொன்னேன். அது வாசலின் தோற்றத்தையே கெடுத்தது. அவரும் வெளியே போக விரும்பவில்லை.

இதையெல்லாம் அறிமுகமில்லாத ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

தையல் டேப்பை எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்குப் போனேன். மூன்று இடத்தில் அளந்தேன். 62.

செப்டம்பர் 20, வெள்ளி

மின்சாரம் இரண்டு மணி நேரம் இல்லை. இட்லி மாவு புளித்துவிட்டது. குறிப்பிட வேறு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

பொன்னுத்தாய் கல்வெட்டைக் கழுவிவிட்டு வந்து, வாளியைக் கீழே வைக்காமலேயே ஆரம்பித்தாள்.

"அந்தப் புள்ளயப் பாத்தேன்மா. ரோட்டோரமா வண்டியில நிக்கிது. பஸ்காரன் நின்னுட்டு, அது கிட்டப் போறதுக்குள்ள எடுத்துட்டான். தண்ணி லாரிக்காரன் ஒருத்தன் ஒரசுற மாதிரி போறான். ஒத்திகை பாக்குறேங்குது. தம்பி போறதுக்குள்ள பழகிக்கணுமாம்."

"சரி."

"நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிரும்னு பூக்காரம்மா சொல்லுது. ஊரெல்லாம் அதான் பேச்சு."

"ஊருக்காக நான் கையெழுத்துப் போடுவதில்லை."

"ஐயாவுக்குப் போடுங்க. அவரு எத்தன தடவ கேட்டாரு, ரோட்டு முக்கு வரைக்கும் தள்ளிட்டுப் போ, பஸ்ஸப் பாக்கணும்னு. வாய் கோணிட்டாலும் எனக்கே வெளங்குச்சி. உங்களுக்கு வெளங்காமயா இருந்துச்சி?"

இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள். இதற்குமுன் இப்படிப் பேசியதில்லை. இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள் என்றேன்.

"எதுக்கு?"

"ஓய்வெடுக்க."

"எனக்கு ஓய்வு வேணாம்" என்று சொல்லிவிட்டுத் துணி ஊறவைக்கப் போனாள்.

செப்டம்பர் 28, சனி

மேலே பத்தாம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். 'விரும்பவில்லை' என்பதை அடித்துவிட்டேன். ஒருமுறை கேட்டார்.

அக்டோபர் 3, வியாழன்

மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கடை. எட்டு மணி பத்து நிமிடத்திலிருந்து எட்டே முக்கால்வரை அங்கே இருந்தேன். வரிசை இல்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

எட்டரைக்கு ரியாஸ் அவளை இறக்கிவிட்டு ஆட்டோவில் தள்ளிப்போய் நின்றான். அவள் ரோட்டின் ஓரத்தில், குழாய்களுக்கு வெளியே நின்றாள். மழை பிடித்தது. மேடையின்மேல் கூரைக்குக் கீழே ஒன்பது பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் அவளிடம், "மேல வாம்மா, நனையிற பாரு" என்றார். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மடியிலிருந்த பையைத் துப்பட்டாவால் மூடினாள். தன்னை மூடிக்கொள்ளவில்லை.

எட்டு நாற்பதுக்கு 17B வந்தது. மேடைக்கு நேராக நின்றது. ஒன்பது பேரும் இறங்கி, சாக்கடைமேல் போட்ட ஒற்றைப் பலகைக்கல்லில் வரிசையாகத் தாண்டி ஏறினார்கள். அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு நடுக்கதவுக்கு வந்தாள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இங்க தகடு போட முடியாதும்மா, ரொம்பச் சரிவா இருக்கும், கவுந்துருவ. மேடையில நின்னாத்தான்" என்றார். அவர் சொன்னது சரி. பஸ் போய்விட்டது.

ஒன்பது பேர் உலர்ந்திருந்தார்கள். ஒருத்தி நனைந்தாள். நான் கட்டியது நான் நினைத்தபடியே வேலை செய்கிறது.

மாத்திரை வாங்காமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

கல்வெட்டைக் கழுவப் போக வேண்டாம் என்று பொன்னுத்தாயிடம் சொன்னேன்.

அக்டோபர் 7, திங்கள்

சம்மதக் கடிதத்தை நேரில் கொண்டுபோனேன். உதவிப் பொறியாளர் தங்கதுரையின் அறை முதல் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. கீழே உட்கார்ந்து, அவரை இறங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். முறைப்படி பார்த்தால் அவர்தான் என்னிடம் வர வேண்டும்.

வந்தார். கடிதத்தைப் படித்தார்.

"மேடம், இது சம்மதக் கடிதமா, டெண்டரா? ரெண்டு பக்கம் நிபந்தனையா இருக்கு."

"படியுங்கள்."

"இடது பாதி மேடை இருபது சென்டிமீட்டர் உயரத்துக்குத் தாழ்த்தணும். குழாய் எல்லாம் எடுக்கணும். சாக்கடைய மூடணும். சரிவு ஒண்ணுக்குப் பன்னெண்டு... இதெல்லாம் எங்க புடிச்சீங்க?"

"அந்தப் பெண்ணின் மனுவிலேயே இருக்கிறது. நீங்கள் படித்திருப்பீர்கள் என்று நினைத்தேன்."

தங்கதுரை கெட்ட மனிதர் அல்ல. சிரித்தார். "மழ ஆரம்பிச்சிருச்சு மேடம். தீபாவளி வேற வருது. டிசம்பர்ல பண்ணிடலாம்."

"நவம்பர் நான்காம் தேதிக்குள் முடிய வேண்டும். கடைசி நிபந்தனை அதுதான். இல்லையென்றால் இந்தக் கடிதம் செல்லாது. மறுபடி ஏழாவது ஷரத்துதான்."

"மெரட்டுறீங்களா மேடம்?"

"தெரிவிக்கிறேன்."

அக்டோபர் 16, புதன்

மழை. வேலை தொடங்கவில்லை. தங்கதுரைக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டாவது முறை அவரே, "நாலாந்தேதி, தெரியும் மேடம்" என்றார்.

அக்டோபர் 19, சனி

தொடங்கினார்கள். நான்கு ஆட்கள், ஒரு காண்ட்ராக்டர். கிரானைட்டைப் பெயர்க்கும்போது கல்வெட்டு இரண்டாக உடைந்தது. காண்ட்ராக்டர் பயந்துபோய் ஓடி வந்தார். "அம்மா, எபாக்ஸி போட்டு ஒட்டிரலாம். கோடே தெரியாது."

ஒட்ட வேண்டாம் என்றேன்.

"புதுசா அடிக்கவா?"

வேண்டாம் என்றேன். அவர் நான் கோபத்தில் பேசுவதாக நினைத்துக்கொண்டார். அப்படியல்ல. என் கணவர் முப்பத்தோரு வருடம் எந்தப் பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவர். தன் பெயரைக் கல்லில் போடச் சொன்னவர் அல்ல. அது என் ஏற்பாடு.

அக்டோபர் 25, வெள்ளி

மேடை தாழ்ந்துவிட்டது. சாக்கடை மூடியாயிற்று. சரிவையும் போட்டுவிட்டு, சிமென்ட் காய்ந்துகொண்டிருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்கள். டேப்பை எடுத்துப் போனேன். இருபது சென்டிமீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் நாற்பது நீளம் வேண்டும். போட்டிருந்தது ஒரு மீட்டர் பத்து.

"இது போதும்மா" என்றார் காண்ட்ராக்டர். "பின்னாடி ஒரு ஆள் தள்ளுவாங்கல்ல?"

"தள்ள ஆள் இல்லாததால்தான் இதைக் கட்டுகிறீர்கள்."

"ஒடைக்கச் சொல்றீங்களா?"

"ஆமாம்."

"தீபாவளிக்கு எங்காளுங்க ஊருக்குப் போவணும்மா."

"அதற்குமுன் நான்கு நாள் இருக்கிறது."

மூலையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த வயதான கொத்தனார் எழுந்தார். "அம்மா சொல்றது சரிதான் மேஸ்திரி. நானும் அப்பவே சொன்னேன்" என்றார். அப்போது சொல்லவில்லை என்பது காண்ட்ராக்டர் அவரைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. உடைத்தார்கள்.

அக்டோபர் 29, செவ்வாய்

புதிய சரிவை அளந்தேன். இரண்டு மீட்டர் நாற்பத்தைந்து. சரி. ஆனால் டேப்பால் மட்டும் ஒரு சரிவைச் சோதிக்க முடியாது. ஷர்மிளா வேலையில் இருந்தாள். நாளைக்கே ஆட்கள் ஊருக்குப் போகிறார்கள்.

மாடிப்படிக்குக் கீழே படுதா போட்டு மூடியிருந்த என் கணவரின் சக்கர நாற்காலியைப் பொன்னுத்தாயும் நானும் வெளியே எடுத்தோம். டயரில் காற்று இல்லை. சைக்கிள் கடையில் அடித்துக்கொண்டோம். நான் தள்ளிக்கொண்டு போனேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடப்பது எனக்குச் சிரமமாக இல்லை.

காண்ட்ராக்டர் நாற்காலியைப் பார்த்தார். "யாரும்மா உக்காருவா?"

"நான்."

உட்கார்ந்தேன். பொன்னுத்தாய் குனிந்து காதருகே, "தெருவே பாக்குதும்மா" என்றாள்.

"பார்க்கட்டும். நீ தள்ளாதே. பின்னால் நட. நான் உருட்டுகிறேன்."

எனக்கு எழுபத்தாறு வயது. சக்கரத்தை உருட்டி ஏற முடிந்தது. மூச்சு வாங்கியது, ஆனால் முடிந்தது. மேலே திரும்பும் இடத்தில் நாற்காலி நின்றுவிட்டது. கூரைத் தூணுக்கும் ஒரு குழாய்க்கும் நடுவே இடம் போதவில்லை. எல்லாக் குழாயையும் எடுத்தவர்கள் இந்த ஒன்றைப் போஸ்டர் ஒட்டப் பயன்படும் என்று விட்டிருக்கிறார்கள். கீழே நின்று பார்த்தபோது என் கண்ணில் படவில்லை. உட்கார்ந்து பார்த்தால் அது ஒன்றுதான் தெரிகிறது. அறுத்தார்கள். நாற்காலி திரும்பியது.

உட்கார்ந்த உயரத்திலிருந்து ரோடு வேறாக இருக்கிறது. பஸ்களின் முகப்பு நன்றாகத் தெரிகிறது. தட எண்ணைப் படிக்க முடிகிறது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். வீட்டு வாசலிலிருந்து நிறுத்தத்துக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். நான்கு நிமிடம். திரும்பி வரும்போதும் பார்த்தேன். நான்கு நிமிடம்தான்.

செப்டம்பர் 28 அன்று எழுதியதில் 'ஒருமுறை' என்பதை அடித்துவிட்டேன். மேலே எந்த எண்ணை எழுதுவது என்று தெரியவில்லை. எண்ணவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. சத்தம். ஜன்னல்களைச் சாத்திவிட்டேன். பொன்னுத்தாய் வீட்டு அதிரசம் வந்தது. பாகு ஒரு கொதி அதிகம்.

நவம்பர் 2, சனி

ரியாஸ் விமானம் ஏறிவிட்டதாக ஷர்மிளா போன் செய்தாள். "லோடு ஆட்டோவ வித்துட்டான் மேடம். இனி லோடு பஸ்லதான் போகணும்" என்றாள். சிரித்தாள். குரல் சரியாக இல்லை. திங்கட்கிழமை நேரத்தோடு வா என்றேன். நாளை மறுபடி போன் செய்து நினைவுபடுத்த மாட்டேன் என்றும் சொன்னேன்.

பின்னால்தான் கவனித்தேன், அவளிடம் 'வா' என்று ஒருமையில் பேசியிருக்கிறேன்.

நவம்பர் 4, திங்கள்

எட்டேகாலுக்கே போய்விட்டேன். படிகள் இருக்கும் வலது பாதியில் பள்ளிப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். நான் சரிவு வழியாக ஏறினேன்.

ஷர்மிளா எட்டரைக்கு வந்தாள். பக்கத்துவீட்டு அம்மா தெருமுனைவரை கூட வந்திருக்கிறார். சரிவில் தானே உருட்டிக்கொண்டு ஏறினாள். நடுவில் ஒருமுறை நின்றாள். நான் கை கொடுக்கவில்லை. அவள் கேட்கவில்லை.

"நல்லா இருக்கு மேடம்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

எட்டு நாற்பத்துமூன்றுக்கு 17B வந்தது. டிரைவர் மேடையை ஒட்டி நன்றாக நிறுத்தினார். கண்டக்டர் இறங்கிவந்து தகட்டின் கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. இன்னொருமுறை இழுத்தார்.

"துரு புடிச்சிருக்கு. வண்டி வந்ததுலேர்ந்து இத யாரும் தொறந்ததே இல்ல. டிப்போவுல சொல்லி வைக்கிறேன்மா. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வேலை இருக்காது சார்" என்றாள் ஷர்மிளா.

"நான் என்னம்மா பண்றது?"

உள்ளேயிருந்து ஒருவர், "ஒரு ஆளுக்காக எல்லாரும் லேட்டாவணுமா? எடுங்கப்பா" என்றார். வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

நான் சரிவில் இறங்கி, பஸ்ஸின் முன்பக்கம் போய், ரோட்டில் நின்றேன். டிரைவர் ஹாரன் அடித்தார். நிற்காமல் அடித்தார். பிறகு ஜன்னலில் தலையை நீட்டினார்.

"பெரியம்மா, தள்ளுங்க. வண்டி எடுக்கணும்."

"தகட்டைத் திறந்துவிட்டு எடுங்கள்."

"அந்தப் பொண்ணு யாரு, உங்க மகளா?"

"இல்லை."

"சொந்தமா?"

"இல்லை."

"பின்ன நீங்க எதுக்கு நடுரோட்ல நிக்கிறீங்க?"

"இந்த மேடையை இவள் ஏற முடியாதபடி கட்டியவள் நான்" என்றேன். "பதின்மூன்று வருடம் இப்படி இருந்தது. யார் யார் ஏற முடியாமல் திரும்பிப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. இவளை எனக்குத் தெரியும்."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து நின்றார். பூக்காரம்மா தொடுப்பதை நிறுத்திவிட்டார்.

டிரைவர் என்ஜினை அணைத்தார். சீட்டுக்கு அடியிலிருந்து இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். "எண்ண ஏதாச்சும் இருக்கா யார்ட்டயாவது?" என்று பஸ்ஸுக்குள் பார்த்துக் கேட்டார். சற்றுமுன் எடுங்கப்பா என்றவருக்குப் பக்கத்தில் இருந்த பெண், மளிகைப் பையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். கீலில் ஊற்றினார்கள். டிரைவர் கம்பியைக் கொடுத்து நெம்பினார், கண்டக்டர் இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. எடுங்கப்பா என்றவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிவந்து அவரும் பிடித்தார். தகடு பெரிய சத்தத்துடன் மேடைமேல் விழுந்தது.

ஷர்மிளா உருட்டிக்கொண்டு ஏறினாள். யாரும் தள்ளவில்லை. கண்டக்டர் அவளுக்கு டிக்கெட் கொடுத்தார். பஸ் பதினொரு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

வீட்டுக்கு நடந்து வந்தேன். வழியில் இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது. இடது முழங்கால் மார்ச் மாதத்திலிருந்தே சரியில்லை.

பதினோரு மணிக்கு அவளிடமிருந்து போன். ஒன்பது இருபத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். ஒன்பதரைக்குத்தான் வேலை ஆரம்பம். "முதலாளி கடிகாரத்தப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லாம ஒரு கட்டு ஸ்கேன் குடுத்துட்டாரு" என்றாள்.

மத்தியானம் பொன்னுத்தாய் சாப்பாடு எடுத்து வைத்தாள். அவளுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது.

"அத்தன பேருக்கு முன்னாடி அப்படிச் சொல்லணுமாம்மா?"

"சொல்ல வேண்டியிருந்தது."

சாம்பாரை ஊற்றினாள். கரண்டியை வைக்காமல் நின்றாள். "ஐயாவுக்கும் சேத்துதான சொன்னீங்க?"

சாம்பாரில் உப்பு அதிகம் என்றேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.